தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள், கசிவைத் தேடுங்கள்

முடிச்சூர், மணிமங்கலம், படப்பை, சோமங்கலம், வண்டலூர், மாம்பாக்கம், அகரம்தென் பக்கத்தில் பழைய டிராக்டர் வைத்துத் தொழில் செய்யும் உரிமையாளர்களுக்கும், அந்த வண்டிகளை ஓட்டும் டிரைவர்களுக்கும்,



காலையில் வண்டி எடுக்கும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது நம் பகுதியில் பழகிப்போன வேலையாகிவிட்டது. புது டிரைவரிடம் சாவியைக் கொடுக்கும்போதே, "வண்டி கொஞ்சம் தண்ணி குடிக்கும், பார்த்து ஊத்திக்கோப்பா" என்று சொல்லி அனுப்புகிறோம். சீட்டுக்குப் பின்னால் ஒரு கேன் எப்போதும் தொங்குகிறது. அந்தக் கேனைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

எந்த டிராக்டரும் தண்ணீர் குடிக்காது. ரேடியேட்டர், ஹோஸ், வாட்டர் பம்ப், பிளாக், ஹெட் என்று சுற்றி வரும் பாதை மூடிய பாதை. ஊற்றியது அதற்குள்ளேயே இருக்க வேண்டும். குறைகிறது என்றால் ஒன்று வெளியே போகிறது, அல்லது இன்ஜினுக்குள் போகிறது. வெளியே போனால் பெரும்பாலும் சின்னச் செலவோடு முடியும். உள்ளே போனால் இன்ஜினை இறக்க வேண்டி வரும். இரண்டில் எது என்று பார்க்காமல் தினமும் ஊற்றிக்கொண்டே இருந்தால், சின்னச் செலவு பெரிய செலவாக மாறும் வரை காத்திருக்கிறோம் என்றுதான் பொருள்.

டீசல் எரிந்து வரும் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்தத் தண்ணீர்தான் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்குகிறது. பழைய ஐஷர் வண்டிகளில் இந்த ஏற்பாடே கிடையாது, அவை காற்றால் குளிர்பவை. மாஸி, மஹிந்திரா, ஃபோர்டு, எச்.எம்.டி. என்று நம்மிடம் உள்ள மற்ற எல்லா வண்டிக்கும் உயிர் இந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

நம் பகுதியில் இந்தப் பழுது அதிகமாகக் கண்ணில் படுவதற்குக் காரணம் உண்டு. வண்டிகளின் வேலை மாறிவிட்டது. ஏரிப் பாசன வயல்கள் மனைகளாகி, 2021-இல் தாம்பரம் மாநகராட்சியும் ஆகிவிட்டது. சம்பாவுக்கும் நவரைக்கும் சொர்ணவாரிக்கும் உழுத வண்டி, மீதி நாளெல்லாம் தண்ணீர் டேங்கரோ மண் டிரெய்லரோ இழுக்கிறது. சித்திரை வெயிலில் வேளச்சேரி சாலையிலும் முடிச்சூர் சாலையிலும் பாரத்தோடு ஊர்ந்துபோகும்போது இன்ஜின் சுற்று குறைவு, அதனால் ஃபேன் வேகமும் குறைவு, முன்னால் இருந்து வீசும் காற்றும் இல்லை. ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே அறுவடைப் பதரும் செம்மண்ணும் ஒட்டிக் கிடக்கின்றன. இத்தனைக்கும் மேலே, பாறையைத் துளைத்து எடுத்த போர் தண்ணீரை ஊற்றுகிறோம். அதில் உள்ள உப்பு, வீட்டு வாட்டர் ஹீட்டரில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். தினம் ஒரு குடம் புதுத் தண்ணீர் என்றால் தினம் கொஞ்சம் புது உப்பும் உள்ளே போகிறது. கசிவு தண்ணீரை வாங்குகிறது, தண்ணீர் உப்பைக் கொண்டுவருகிறது, உப்பு குழாயை அடைக்கிறது, அடைப்பு சூட்டை ஏற்றுகிறது, சூடு இன்னொரு கசிவைத் திறக்கிறது.

ஆகவே ஸ்பானரைத் தொடும் முன் கண்டுபிடிக்கும் வேலை. இதில் பெரும்பகுதிக்கு மெக்கானிக் தேவையில்லை. வண்டியோடு தினமும் இருக்கும் டிரைவரே செய்யலாம்.

முதலில் கணக்கு. ஒரு வாரம், எவ்வளவு ஊற்றினோம், அன்று வண்டி என்ன வேலை செய்தது என்று குறித்து வையுங்கள். சும்மா நிற்கும் நாளிலும் குறைந்தால் பெரும்பாலும் வெளிக் கசிவு. சேற்றுழவு நாளிலும் டேங்கர் இழுக்கும் நாளிலும் மட்டும் குறைந்தால் மூடி, ரேடியேட்டர் அடைப்பு, ஹெட் கேஸ்கட் என்ற வரிசையில் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து, இன்ஜினின் வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்து, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அடியில் முன்னும் பின்னுமாக நியூஸ்பேப்பரை விரித்து, காற்றில் பறக்காமல் கல் வைத்துவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் ஈரம் எங்கே விழுந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே தேடுங்கள். முன்னால் விழுந்தால் கீழ் ஹோஸ், ரேடியேட்டரின் அடித்தொட்டி, வடிகுழாய்த் திருகு. ஃபேனுக்கு நேர் கீழே என்றால் வாட்டர் பம்ப். பக்கவாட்டில் என்றால் பிளாக்கில் அடித்திருக்கும் வட்டத் தகட்டு மூடிகள், அல்லது ஹெட் கேஸ்கட்டின் ஓரம். கிளட்ச் வீட்டின் அடித்துளையில் ஆயில் இல்லாமல் தண்ணீர் சொட்டினால், இன்ஜினின் பின்பக்கம் மறைந்திருக்கும் தகட்டு மூடி அரித்துப் போயிருக்கலாம். அதை மாற்ற வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டி வரும். எனவே கிளட்ச் வேலைக்குப் பிரிக்கும்போதே அந்த மூடியையும் புதிதாக அடித்துவிடுங்கள்.

காகிதம் காய்ந்தே இருக்கிறது, ஆனால் தண்ணீர் குறைகிறது என்றால் அடுத்த சந்தேகம் மூடியின் மேல். ரேடியேட்டர் மூடி, குக்கர் வெயிட் செய்யும் வேலையைச் செய்கிறது. பழைய வண்டிகள் பலவற்றில் அதன் மேல் 7 என்று பொறித்திருக்கும். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் வரை அது உள்ளே பிடித்து வைக்கும். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் அந்த அழுத்தத்தில் 111 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ, உழவின் நடுவே தண்ணீர் ஆவியாகி ஓவர்ஃப்ளோ குழாய் வழியே போய்விடும். போன தடமே தெரியாது. வண்டிக்கு உரிய எண் உள்ள மூடியையே வாங்குங்கள். "பெரிய நம்பர் நல்லா பிடிக்கும்" என்று கூடுதல் அழுத்த மூடி போட்டால், பல வருடம் உழைத்த ரேடியேட்டரின் ஈயப்பற்று விட்டுப்போகும்.

சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். அழுத்தம் விட்ட கணமே உள்ளே இருப்பது நீராவியாகி முகத்திலும் மார்பிலும் பாயும். தொட்டால் கை பொறுக்கும் அளவு ஆறிய பிறகு, தடித்த சாக்குத் துணியைப் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, முதல் நிறுத்தம் வரை மட்டும் திருகி, சத்தம் அடங்கிய பிறகு எடுங்கள்.

மூடியும் நல்லது என்றால் ரேடியேட்டர் பட்டறையில் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஆறிய இன்ஜினில், கைப்பம்பால், மூடியில் உள்ள எண் அளவுக்கு மட்டும் காற்று ஏற்றிக் கால் மணி நேரம் விட வேண்டும். முள் இறங்காவிட்டால் வெளியே கசிவு இல்லை. முள் இறங்குகிறது, வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால் தண்ணீர் உள்ளேதான் போகிறது.

உள்ளே போவதற்கான அடையாளங்களையும் டிரைவரே பார்க்கலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன், ஆயில் சம்ப்பின் அடித்திருகை மெல்லத் தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம். தண்ணீர் ஆயிலைவிடக் கனம். சம்ப்பில் இருந்தால் அடியில்தான் தேங்கி நிற்கும், ஆயிலுக்கு முன்னால் அதுதான் வரும். முதல் சொட்டுகளை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஓடி நின்ற வண்டியில் ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு வந்திருந்தால் இரண்டும் கலந்துவிட்டன என்று பொருள். அந்த ஆயிலோடு இன்னொரு நடை ஓட்டினாலும் பேரிங் போய்விடும். ஆயில் அளவு ஊற்றாமலே ஏறுவதும் அதே கதைதான்.

தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் வேறு அடையாளம். இன்ஜின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். இதை உறுதி செய்ய ஒரு பழைய சோதனை உண்டு. ஆறிய இன்ஜினில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பி, மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை உயர்த்திக் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டுங்கள். பெல்ட் இல்லாததால் பம்ப் சுற்றாது, தண்ணீர் அசையக் கூடாது. அப்போதும் குமிழி குமிழியாக வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரின் காற்று தண்ணீர்ப் பாதைக்கு வருகிறது. கேஸ்கட் போயிருக்கிறது, அல்லது ஹெட்டில் விரிசல். ஒருநாள் திடீரென்று கிராங்க் சுற்றாமல் தட்டி நின்றால், பேட்டரியை மாற்றித் திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்காதீர்கள். பிஸ்டன் மேல் தண்ணீர் நின்றால் அது அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, துளைக்கு நேரே யாரும் நிற்காமல், கையால் சுற்றி முதலில் தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்தவர்களுக்குத் தனியாக ஒன்று. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அப்போது மூழ்கிய தெருக்கள் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூழ்கின. வெள்ளத்தில் நின்ற வண்டியின் ஆயிலில் தண்ணீர் இருந்தால் கேஸ்கட்டைக் குறை சொல்லி ஹெட்டை இறக்காதீர்கள். ஆயில் அளவுகோல் துளை வழியாகவும் காற்றுக் குழாய் வழியாகவும் வெள்ளம் புகுந்திருக்கலாம். ரேடியேட்டரில் அளவு குறையாமல் ஆயிலில் மட்டும் தண்ணீர் இருந்தால் முதல் சந்தேகம் வெள்ளத்தின் மேல்தான். ஸ்டார்ட் செய்யாமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஏர் கிளீனரைச் சுத்தம் செய்து, கையால் சுற்றிப் பார்த்த பிறகே சாவியைத் தொடுங்கள். சிறிது ஓட்டிவிட்டு மறுபடியும் ஆயில் மாற்றுங்கள். அதற்கப்புறமும் தண்ணீர் தெரிந்தால்தான் ஹெட் வேலை.

இனி சரி செய்யும் வேலை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது வாட்டர் பம்ப். அதன் அடியில் சின்னதாக ஒரு துளை இருக்கும். தயாரித்தவர்களே வைத்தது. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் அந்த வழியாக வெளியேறி, "சீலை மாற்று" என்று சொல்லும். அந்தத் துளையில் எம்-சீல் அடைத்த பம்புகளை நான் நிறையப் பார்க்கிறேன். அடைத்த தண்ணீர் பேரிங்குக்குள் போகும், பேரிங் ஆடும், ஃபேன் இறக்கை ரேடியேட்டரைக் கிழிக்கும். ஒரு சீலோடு முடிந்திருக்க வேண்டியது பம்ப், ஃபேன், ரேடியேட்டர் மூன்றையும் தின்றுவிடும். துளையில் ஈரம் கண்டால் ஃபேன் இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங், ஷாஃப்ட், சீல் எல்லாவற்றையும் கிட்டாக மாற்றிவிடுங்கள்.

ஹோஸைச் சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டுக்கம்பியால் இறுக்குவதை விடுங்கள். விரலால் அமுக்கும்போது மொறுமொறுவென்றோ கொழகொழவென்றோ இருந்தால் அது முடிந்துபோன ஹோஸ். புது ஹோஸ் போடும்போது குழாயின் வாயில் ஒட்டியிருக்கும் துருவைச் சுரண்டிவிட்டு, திருகு கிளிப் போட்டு, இன்ஜின் ஒருமுறை சூடேறி ஆறிய பிறகு மறுபடியும் இறுக்குங்கள்.

பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர்களை ஈயப்பற்று வைத்துச் சரிசெய்ய முடியும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மலிவான புதியதை வாங்க அவசரப்பட வேண்டாம். மேல் தொட்டியையும் கீழ் தொட்டியையும் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காற்றடித்துச் சோதிக்கும் பட்டறையில் கொடுங்கள். வழியில் கசிந்தால் மஞ்சள் தூளைக் கொட்டி வீடு வந்து சேர்வது நம்மவர்களின் பழைய வழி. அவசரத்துக்கு அது உதவும். வந்து சேர்ந்ததும் முழுவதும் வடித்து அலசிவிட வேண்டும். கசிவை அடைக்கிற தூள் நல்ல குழாயையும் அடைக்கும். கடையில் விற்கும் கசிவு அடைப்பான்களுக்கும் இதே பேச்சுதான்.

ஹெட் கேஸ்கட் வேலையில்தான் காசும் பொய்யும் அதிகம் கலக்கின்றன. கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடிவிட்டால் சில மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் போகும். ஏன் போனது என்று பார்க்க வேண்டும். ஹெட்டின் அடிமுகத்தில் நேர்கோலை வைத்து, நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். உங்கள் இன்ஜினின் கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் இடைவெளி இருந்தால் லேத் பட்டறையில் முகம் அடிக்க வேண்டும். அடித்த பிறகு வால்வுகள் எவ்வளவு உள்ளே இருக்கின்றன, இன்ஜெக்டர் முனை எவ்வளவு நீண்டிருக்கிறது என்றும் அளக்கச் சொல்லுங்கள். பிளாக்கின் மேல்முகத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பழைய போல்ட்டு இழுபட்டிருந்தால் மாற்றுங்கள். இறுக்குவது கைக்கணக்கில் கூடாது. டார்க் ரெஞ்ச் வேண்டும், நடுவிலிருந்து வெளியே போகும் வரிசை வேண்டும், கையேடு சொன்னால் சூடேற்றிய பிறகு மறு இறுக்கம் வேண்டும். இரண்டு கேஸ்கட்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைப்பவரிடமிருந்து வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

எச்.எம்.டி. வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு இடம். 1971-இல் ஜெட்டார் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பிஞ்சோரில் தயாரிக்கத் தொடங்கிய அந்த வண்டிகளில் லைனரைச் சுற்றித் தண்ணீர் நேரடியாகத் தொட்டு நிற்கும். லைனரின் அடியில் உள்ள ரப்பர் வளையங்கள் காய்ந்தால் தண்ணீர் சம்ப்பில் இறங்கும். ஹெட்டை எத்தனை முறை இறக்கினாலும் நிற்காது. சம்ப்பைக் கழற்றி, தண்ணீர்ப் பாதைக்கு அழுத்தம் கொடுத்து, கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் எந்த லைனரில் இறங்குகிறது என்று கண்ணால் காணலாம். 2016-இல் அந்த டிராக்டர் தொழிற்சாலையை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்துவிட்டது. கிடைக்கும் நல்ல வளையத்தையும் லைனரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாஸி வைத்திருப்பவர்களுக்கு உதிரி பாகக் கவலை இல்லை. மாஸி வண்டிகளைச் செய்யும் டாஃபே 1960-இல் தொடங்கியது செம்பியத்தில். அதன் வண்டிகளுக்கு இன்ஜின் கொடுத்த சிம்ப்சனும் அங்கேதான்.  உதிரி பாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழைய பாகத்துக்குப் புதுப்பேட்டை. இவ்வளவு அருகில் எல்லாம் இருக்கும்போது "பார்ட் கிடைக்கலை" என்று கேனைத் தூக்குவதற்கு நமக்குக் காரணமே இல்லை.

சரிசெய்த பிறகு போர் தண்ணீரை மறுபடியும் ஊற்றாதீர்கள். நம் ஊரில் பனி உறையாது, கூலன்ட் எதற்கு என்று கேட்கிறார்கள். கூலன்ட் துருவைத் தடுக்கிறது, பம்ப் சீலைக் காக்கிறது, லைனரில் ஊசித்துளை விழாமல் பார்க்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. டப்பாவில் சொன்ன விகிதத்தில், பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டரோடு கலந்து ஊற்றுங்கள். அதன் நிறத்தால் அடுத்த கசிவும் சீக்கிரம் தெரியும். ஆனால் அது விஷம், இனிப்பாக இருக்கும். வடித்த கூலன்டைத் திறந்து வைத்தால் நாயும் மாடும் குடித்துச் சாகும். வாய்க்காலில் கொட்டவும் கூடாது. ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரி நீர்தான் அடையாறாக ஓடுகிறது.

"ஹீட் ஆகுது" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதையும் நிறுத்துங்கள். அது 80 டிகிரி வாக்கில் திறந்து இன்ஜினைச் சரியான சூட்டில் வைக்கும் பாகம். அது இல்லாத இன்ஜின் சூடேறாமல் ஓடி, டீசல் ஆயிலில் இறங்கி, லைனர் சீக்கிரம் தேயும். சந்தேகம் இருந்தால் அதைப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி, திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

டிரைவர் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. முள் சிவப்புக்குப் போனால் பாரத்தை விடுங்கள், ஓரம் கட்டுங்கள். தண்ணீர் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள். தண்ணீரே இல்லாமல் ஆவி மட்டும் அடித்தால் உடனே அணையுங்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். ஹெட்டில் விழும் விரிசல்கள் பலவும் அப்படி வந்தவை. ஆறிய பிறகு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

உரிமையாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். நம் பகுதிப் பழைய டிராக்டர்கள் பலவற்றில் வெப்பம் காட்டும் முள் செத்துக் கிடக்கிறது. பல லட்சம் பெறும் வண்டியை, சூடு தெரியாமல் ஓட்டச் சொல்கிறோம். இன்ஜின் போனால் டிரைவரைத் திட்டுகிறோம். அடுத்த உழவுக்கு முன் அந்த மீட்டரையும் சென்சாரையும் மாற்றிக் கொடுங்கள். வண்டி சூடாகிறது என்று டிரைவர் போன் செய்தால், "இந்த நடையை முடிச்சிட்டு வா" என்று சொல்லாதீர்கள், நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தினால் ஒரு மணி நேர வாடகை போகும். நிறுத்தாவிட்டால் இன்ஜினோடு ஒரு போகமே போகும்.

அன்புடன்,
மேற்குத் தாம்பரத்திலிருந்து ஒரு டிராக்டர் மெக்கானிக்